டியூப்புக்கு வால் உண்டு

ஊருக்கெல்லாம் ஷூ தைத்து ஏற்றுமதி செய்யும் ஆம்பூர்க்காரருக்கு, அந்த ஷூவுக்குப் பூசும் கிரீமையும் சொந்தப் பெயரில் டியூப்பில் அடைத்து விற்கும் ஆசை வரக் கூடாது. வந்தால் டியூப் கம்பெனியிலிருந்து கொட்டேஷன் வரும்.

தோலைத் தடவியே தரம் சொல்லிவிடும் மனிதரிடம், சாதா பாலிஎத்திலீனா, நடுவில் அலுமினியத் தாள் வைத்த லேமினேட்டா என்று கேட்பார்கள். மலிவானதைக் கை காட்டினால், கிரீமிலுள்ள டர்பன்டைன் டியூப் சுவர் வழியாகவே மெல்லக் கம்பி நீட்டிவிடும். மிஞ்சுவது காய்ந்த மெழுகும் கன்னம் ஒட்டிய டியூப்பும்.

லேமினேட் என்றால் தட்டையாக அச்சடித்து, பிறகுதான் சுருட்டி ஒட்டுவார்கள். ஒட்டு விழும் இடத்தில் லோகோ இருந்தால் பாகப்பிரிவினைதான். காலி டியூப் மூடி போட்டு, வால் திறந்தபடி வரும்; கிரீமை வால் வழியே நிரப்பி, சூடு காட்டி நசுக்கி மூடுவார்கள். முதலாளி தம் ஃபோன் நம்பரை அச்சடிக்கச் சொல்வது சரியாக அந்த வாலில்தான்!

10,000 ஆர்டருக்குப் பத்து சதவீதம் கூடக்குறைய வரலாம் என்பது நிபந்தனை. தோல் அளவில் கால் சதுர அடி குறைந்தால் ஊரைக் கூட்டுபவர் இதற்குத் தலையாட்டுகிறார். டெலிவரி நாளை எண்ணுவதும் அட்வான்ஸ் கொடுத்த நாளிலிருந்து அல்ல, ஆர்ட்வொர்க்கை ஒப்புக்கொண்ட நாளிலிருந்து.

ஐயா, கையெழுத்துப் போடும் முன் எம்ஆர்பி, நிகர அளவு, தயாரிப்பாளர் முகவரி எல்லாம் இருக்கிறதா பாருங்கள். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் கேட்கின்றன, அச்சகம் கேட்காது.