விரிசலியல்: பிலடெல்பியாவை முன்வைத்து ஓர் ஆய்வு

மனிதன் ஊர்விட்டு ஊர் போய், வரிசையில் நின்று, பையைச் சோதனைக்குக் கொடுத்து, ஒரு பொருளை ஏன் பார்க்கிறான்? இந்தக் கேள்விக்கு அறிஞர்கள் இதுவரை பழமை, அழகு, வரலாற்றுச் சிறப்பு என்று மூன்று விடைகளை வைத்து ஒப்பேற்றி வந்திருக்கிறார்கள். மூன்றும் பிழை. பழமைதான் காரணமென்றால் ஆற்றங்கரைக் கூழாங்கல்லுக்கும் டிக்கெட் போட்டிருப்பார்கள். அழகென்றால் சுற்றுலாப் பேருந்துகள் பூக்கடை வாசலில் நின்றிருக்கும். நமது கருதுகோள் இது: நன்றாக இருக்கும் பொருளை மனிதன் புழங்குகிறான், கெட்டுப்போனதைத்தான் பார்க்கப் போகிறான். நகைக்கடை பில்லில் தங்கத்தின் விலையோடு சேதாரம் என்று ஒன்றைச் சேர்ப்பார்கள். சுற்றுலாவில் சேதாரம்தான் தங்கம். இதை நிறுவ அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தைப் போல வசதியான களம் வேறில்லை.

முதல் சான்று, அங்குள்ள சுதந்திர மணி. 1751-இல் பென்சில்வேனியா சட்டமன்றம் லண்டன் வொயிட்சேப்பல் வார்ப்பாலைக்கு ஆர்டர் கொடுத்தது. மறு ஆண்டு மணி வந்து சேர்ந்தது. ஓசை எப்படியென்று அடித்துப் பார்த்ததுமே விரிசல் விட்டது. பாஸ், ஸ்டோ என்ற உள்ளூர்க்காரர்கள் இருவர் அதை உருக்கி மறுபடி வார்த்தார்கள். நாதம் சகிக்காமல் போகவே இன்னொரு தரமும் வார்த்தார்கள். பிறகு பல்லாண்டு காலம் மணி ஆரோக்கியமாக ஒலித்தது. ஆரோக்கியமான அந்த மணியை ஊர் எப்படிக் கொண்டாடியது? 1772-இல் அக்கம்பக்கத்தார் சட்டமன்றத்துக்கு மனு எழுதினார்கள்: ஓயாமல் அடிக்கிறார்கள், தொல்லை தாங்கவில்லை என்று. விரிசல் வந்த பிறகு கதை மாறியது. 1846 பிப்ரவரியில், வாஷிங்டன் பிறந்தநாளுக்கு அடித்தாக வேண்டுமே என்று பழுது பார்த்தார்கள். மெல்லிய கீறலின் இரு ஓரங்களும் உரசி அதிராதபடி, துளைபோட்டுத் துளைபோட்டு அதை அகலமாக்கினார்கள். அரை அங்குல அகலத்தில் இரண்டடி நீளத்துக்கு இன்று எல்லோரும் படமெடுத்துக்கொள்ளும் 'விரிசல்' அந்த ரிப்பேர் வேலைதான்; கிட்டப் போய்ப் பார்த்தால் துளைக்கருவியின் தடங்கள் பல்வரிசைபோல் தெரியும். மணியின் வாயை நிரந்தரமாக அடைத்தது அதற்கு மேலே மயிரிழையாக ஓடும் இன்னொரு கீறல். அது 'லிபர்ட்டி' என்று பொறித்த சொல்லையே பிளந்துகொண்டு போகிறது. அதைப் பார்ப்பவர்கள் குறைவு. நல்ல விரிசலுக்கும் விளம்பரம் வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். மக்கள் பார்ப்பது விரிசலை அல்ல, விடுதலையை. 1776 ஜூலை 4 அன்று முழங்கிய மணியல்லவா என்பார்கள். அன்று அது முழங்கியதற்குச் சான்றில்லை. சுதந்திரப் பிரகடனத்தை மக்கள்முன் முதன்முதலில் வாசித்ததே ஜூலை 8-ஆம் தேதி. ஜூலை 4 மணியோசையைப் பரப்பிய பெருமை ஜார்ஜ் லிப்பார்டு என்ற எழுத்தாளரின் கதைக்கு உரியது. அது வெளிவந்த ஆண்டு 1847. அதாவது மணி ஊமையான மறு ஆண்டு. 'சுதந்திர மணி' என்ற பெயரை 1830-களிலேயே அடிமை ஒழிப்பு இயக்கத்தார் வைத்துவிட்டார்களே என்று விவரம் தெரிந்தவர்கள் மடக்கலாம். ஒப்புக்கொள்கிறோம்: பெயர் முன்னால் வந்தது, புராணம் பின்னால் வந்தது. ஆனால் ஒப்பீட்டுக்கு இரண்டு மணிகள் இருக்கின்றனவே. சுதந்திர மண்டபத்தின் கோபுரத்தில் நூற்றாண்டு விழாவுக்காக 1876-இல் வார்த்த 13,000 பவுண்டு மணி தொங்குகிறது. குறையொன்றும் இல்லை, கடிகாரத்தோடு சேர்ந்து கடமையைச் செய்கிறது; அண்ணாந்து பார்ப்பவர் அரிது. 1976-இல் எலிசபெத் மகாராணி அதே வொயிட்சேப்பலில் வார்த்த புது மணியொன்றைப் பரிசளித்தார். அதிலும் விரிசல் இல்லை. விளைவு, 2013-இல் அதை இறக்கிக் குடோனில் போட்டார்கள். பழைய மணியைக் கொடுத்து மாற்றிக்கொள்ள ஒரு காலத்தில் வழி இல்லாமலும் இல்லை. 1970-களில் காரியங்களைத் தள்ளிப்போடுவோர் சங்கத்தார் வார்ப்பாலை வாசலில் போய் விளையாட்டாக மறியல் செய்தபோது, வந்த பெட்டியோடு திருப்பிக் கொடுத்தால் மாற்றித் தருவதாக வார்ப்பாலை சொன்னது. பெட்டியை யாரும் தேடியதாகத் தெரியவில்லை.

அடுத்த மறுப்பு கொஞ்சம் கனமானது: கலை அருங்காட்சியகத்தின் 72 படிகள். விரிசல் ஏதுமில்லாத படிகள். ஆனாலும் கூட்டம் மூச்சிரைக்க ஓடி ஏறுகிறது, ஊரைப் பார்த்துத் திரும்பி இரு கையையும் தூக்குகிறது, படமெடுத்துக்கொண்டு இறங்கிப் போகிறது. ஆனால் இந்தச் சடங்கைத் தொடங்கிவைத்த 1976-ஆம் ஆண்டு 'ராக்கி' படத்தின் கடைசியில் நாயகன் தோற்றுப்போகிறான். படியில் இல்லாத சேதாரம் ஆளிடம் இருக்கிறது. அந்தப் படிகளுக்கு மேலே, கதவைத் திறந்து உள்ளே போனால், மதுரை மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்த 16-ஆம் நூற்றாண்டு மண்டபம் நிற்கிறது. 1912-இல் அடலின் பெப்பர் கிப்சன் என்ற பிலடெல்பியாப் பெண்மணி அதைக் கோயில் வளாகத்தில் குவிந்து கிடந்த கற்களாகத்தான் வாங்கினார். 1919-இல் அவர் குடும்பத்தார் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். முழு மண்டபமாக நின்றிருந்தால் யாரும் விலை பேசியிருக்க மாட்டார்கள். இன்றும் மதுரையில் அதன் நிழலில் யாராவது துண்டை விரித்துப் படுத்திருப்பார். அருங்காட்சியகத்தார் செய்த ஒரே தவறு, தூண்களை நிறுத்தி அதை மறுபடி மண்டபமாக்கியது. கூட்டம் படியோடு திரும்பிவிடுகிறது.

சேதாரத்தின் உச்சநிலையை பெஞ்சமின் பிராங்க்ளின் வீட்டில் காணலாம். 1812-இல் இடித்த வீடு. எப்படி இருந்ததென்று சரியாகத் தெரியாததால் 1976-இல் வெள்ளை எஃகுச் சட்டத்தால் வீட்டின் வெளிக்கோட்டை மட்டும் நிறுத்திவைத்தார்கள். சுவரில்லை, கூரையில்லை, பார்வையாளருக்குக் குறைவில்லை. ஆனால் இருக்கிற விரிசலோடு திருப்தியடையாமல் புதிதாக உண்டாக்கும் பார்வையாளரும் உண்டு. சில தெருக்கள் தள்ளி இருக்கும் பிராங்க்ளினின் கல்லறைமேல் அதிர்ஷ்டத்துக்காக ஒரு சென்ட் நாணயம் வீசுவது வழக்கம். சிக்கனத்தைப் போதித்தவர் தலைமேல்தான் வீசுகிறார்கள். காசு விழுந்து விழுந்து பளிங்குக்கல் குழிந்தது, விரிசலும் கண்டது. கல்லறைத் தோட்டத்தார் நிதி திரட்டிப் பழுது பார்த்தார்கள். சுவரில் இருக்கும் இரும்புக் கம்பிகளுக்கு இடையே கையை விட்டு, காசு இன்னும் வீசிக்கொண்டிருக்கிறார்கள்.