பறக்கும் தட்டும் பறந்த பந்தும்

கே: அமெரிக்காவில் லாங்ஹார்ன் லீக் என்றொரு பேஸ்பால் லீக் ஒன்பதே சீசனில் மூடுவிழா கண்டதாமே, அதையெல்லாம் யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

ப: ஜோ பாமன் இருக்கும்போது எப்படி மறப்பார்கள்? டெக்சாஸ் சிற்றூர்களை வைத்து 1947-ல் தொடங்கி, பிறகு நியூ மெக்சிகோவுக்கும் பரவிய மைனர் லீக் அது. அதே வருடம்தான் நியூ மெக்சிகோவின் ராஸ்வெல் பக்கம் பறக்கும் தட்டு விழுந்ததாகப் புரளி. தட்டு நிஜமோ பொய்யோ, ராஸ்வெல் ராக்கெட்ஸ் அணியின் பாமன் அடித்த பந்துகள் பறந்ததை ஊரே பார்த்தது. 1954-ல் ஒரே சீசனில் 72 ஹோம் ரன்! அடித்துவிட்டு வந்தால், ரசிகர்கள் கம்பிவலை ஓட்டை வழியே டாலர் நோட்டை நீட்டுவார்கள். மனிதர் நடந்தபடியே வசூல் செய்வார். (கல்யாண மொய்கூட இவ்வளவு வேகமாகச் சேராது!) மற்ற நேரத்தில் சொந்த பெட்ரோல் பங்க். உச்ச மட்டமான மேஜர் லீகில் ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை, பாவம்.

வீட்டுக்குள் டிவி நுழைந்தது, மைதானம் காற்று வாங்கியது. 1955-க்குப் பின் லீகின் பெயரை மாற்றிப் பார்த்தார்கள், தேறவில்லை. பாமனின் 72-ஐத் தாண்ட 2001-ல் மேஜர் லீகின் பாரி பாண்ட்ஸ் வரவேண்டியிருந்தது. மைனர் லீகில் அதிக ஹோம் ரன் அடிப்பவருக்கான விருது பாமன் பெயரில்தான் இருக்கிறது.