சேனல்காரர்

சேனல்காரர் என்பவர் கோவை–கரூர் சாலையில் பல்லடம் தாண்டிக் காங்கேயம் போகும் வழியில், பொங்கலூரிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும், கையில் செல்போனும் தோளில் ஸ்டாண்டுமாகக் காணப்படும் இளைஞர். பனியன் கம்பெனியில் செக்கிங்கோ பேக்கிங்கோ, அல்லது அப்பாவின் தறிக்குடோனில் கணக்கு எழுதுவதோ அவருடைய பகல் வேலை. சில சமயம் அதுவும் இருக்காது. ஊரார் ‘யூடியூப் தம்பி’ என்கிறார்கள். விசிட்டிங் கார்டில் ‘கண்டென்ட் கிரியேட்டர் அண்ட் டிஜிட்டல் மார்க்கெட்டிங்’ என்று இருக்கும். பெண் கேட்டுப் போன இடத்தில் ‘கம்ப்யூட்டர்ல பிசினஸ் பண்றாப்லைங்’ என்று மாமா சொல்வார். அம்மா மட்டும் ‘சும்மாதான் இருக்கறான்’ என்பார்.

இவ்வகையின் முன்னோர்கள் எழுதினார்கள். 1999இல் தொடங்கி 2003இல் கூகுள் கைக்குப் போன பிளாகர் அவர்களுக்கு இலவச இடம் கொடுத்தது. 2004இல் வந்த தமிழ்மணம் திரட்டி வாசகர்களைக் கொடுத்தது. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கட்டி, எ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் தட்டி, இரண்டு பின்னூட்டம் விழுந்தால் அன்றைக்குச் சோறு வேண்டாம் என்று இருந்தவர்கள் அவர்கள். திருப்பூரிலிருந்து வலைப்பதிவு எழுதிய ஜோதிஜியின் ‘டாலர் நகரம்’, பனியன் தொழிலின் உள்விவகாரங்களைச் சொன்ன நூலாகவே வந்தது. ஆனால் பதிவால் யாருக்கும் பைசா வரவில்லை. கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரத் திட்டம் தமிழ்ப் பக்கங்களை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில்தான். அதற்குள் எழுதியவர்களில் பாதிப்பேர் பேஸ்புக்கில் சண்டை போடப் போய்விட்டார்கள்.

இன்றைய சேனல்காரர் பிறந்தது 2016 செப்டம்பரில், ஜியோ சிம்முடன். பேசக் கற்றுக்கொண்டது டிக்டாக்கில். 2020 ஜூன் 29 அன்று அரசு அதைத் தடை செய்தபோது பொங்கலூர் வட்டாரத்தில் பல கலைவாழ்வுகள் ஒரே இரவில் முடிந்தன. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸும், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் வந்து அவர்களை வேறு பெயரில் எழுப்பி உட்கார வைத்தன.

அவருக்கு வேதவாக்கு புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தின் வில்லேஜ் குக்கிங் சேனல். வயல்வெளியில் தாத்தாவும் பேரன்களும் அண்டா வைத்துச் சமைத்து, 2021இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனல் ஆனார்கள். இதை அவர் அப்பாவிடம் மாதம் ஒரு முறையாவது எடுத்துச் சொல்வார். ‘அவிங்க சோறாக்குனாங்க. நீ என்னத்த ஆக்குன?’ என்பதோடு அப்பா பேச்சை முடித்துக்கொள்வார்.

கருவிகள் பெரும்பாலும் இலவசம். வெட்டி ஒட்டக் கைன்மாஸ்டர், முகப்புப் படத்துக்குக் கேன்வா, நேரலைக்கு ஓபிஎஸ். கைன்மாஸ்டரைக் காசு கட்டாமல் பயன்படுத்தினால் படத்தின் மூலையில் அதன் முத்திரை நிற்கும். அடுத்தவர் லேபிளைத் தைத்தே பழகிய வட்டாரம் என்பதால் யாருக்கும் அது உறுத்துவதில்லை. முகப்பில் போடும் குண்டு எழுத்துக்குக் கூகுள் இலவசமாகத் தரும் ‘பலூ தம்பி’ என்ற எழுத்துருவே பிடித்தமானது. காசு கொடுத்து வாங்குவது காலர் மைக் ஒன்றுதான். அதற்கும் பெரிய எதிரி ஆடிக்காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து இப்பகுதியின் காற்றாலைகளை ஓட்டும் அதே காற்று, மைக்கில் விழுந்தால் லாரி மண் கொட்டுவதுபோல் கேட்கும். வெளிநாட்டார் இதற்கென்று ரோமத்தால் ஆன உறை விற்கிறார்கள். சேனல்காரர் மைக்கில் பனியன் வேஸ்ட்டைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுவிடுகிறார். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

காற்று ஓய்ந்தாலும் தறிச் சத்தம் ஓயாது. எனவே பின்னணிக் குரல் பதிவு செய்ய உகந்த நாள், மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்தும் நாள். காலை ஒன்பது மணிக்கு ஊர் முழுதும் தறி நிற்க, அவர் வீட்டுக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு, ‘ஹாய் மக்களே’ என்று தொடங்குவார். பத்து மணிக்கு செல்போனில் சார்ஜ் தீர்ந்துவிடும்.

முகப்புப் படம் இத்தனை பிக்சல், இத்தனை எம்பிக்குள் இருக்க வேண்டும் என்பது யூடியூப் விதி. அதில் வாயைப் பிளந்த ஒரு முகமும், சிவப்பு அம்பும், வட்டமும் இருக்க வேண்டும் என்பது சேனல்காரர் விதி. அம்பு எதைக் காட்டுகிறது என்பது முக்கியமல்ல. பொங்கலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் நிறைய விளையும். விலை இறங்கினால் விவசாயி பட்டறை போட்டு வைத்துக் காத்திருப்பது வழக்கம். விலை இறங்கிய செய்தி கிடைத்ததும் சேனல்காரர் ஒரு தோட்டத்துக்கு வண்டியை விடுவார். அங்கே தோட்டத்துக்காரர் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்.

‘வெல என்னுங்ணா ஆச்சு?’

‘எறங்கிப் போச்சு. பட்டறைல போட்டு வெச்சிருக்கறேன். ஏறுனா எடுக்கறது.’

‘அண்ணா, கொஞ்சம் சோகமாச் சொல்லுங்.’

‘எதுக்குத் தம்பி? போன வருசமும் இப்படித்தான் எறங்குச்சு, அப்பறம் ஏறுச்சு. நீ டீ குடிக்கறயா?’

இந்த உரையாடல் மாலையில் ‘கதறும் விவசாயிகள்! கண்ணீரில் வெங்காயம்!!’ என்ற தலைப்பில் வெளியாகும். முகப்பில் வாய் பிளந்திருப்பது தோட்டத்துக்காரர் டீயை ஊதிய கணம்.

தலைப்பில் பொங்கலூர் என்ற பெயர் வராது என்பதைக் கவனிக்க வேண்டும். தேடுபவர்கள் திருப்பூர் என்றுதான் தேடுகிறார்கள். துணி பற்றிய வீடியோ என்றால் அவர் திருப்பூர்க்காரர், காளை பற்றி என்றால் காங்கேயத்துக்காரர், கறிக்கோழி என்றால் பல்லடத்துக்காரர், மருத்துவம், கல்லூரி, பெரிய ஹோட்டல் என்றால் கோயம்புத்தூர்க்காரர். ரேஷன் கடையில் மட்டும் பொங்கலூர்க்காரர்.

நேரலையே இவர் கலையின் உச்சம். விதிகள் எளியவை. கணக்கைச் சரிபார்த்து, முதல் நேரலைக்கு 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். செல்போனிலிருந்தே நேராக ஒளிபரப்ப 50 சப்ஸ்கிரைபர் வேண்டும். இந்த 50 பேர் யார் என்று ஆராய்ந்தால் பங்காளிகள், பள்ளிக்கூடத்துச் சினேகிதர்கள், அம்மாயிக்குத் தெரியாமல் அம்மாயியின் போன் என்று பட்டியல் நீளும். ஓபிஎஸ்ஸில் செய்வதானால் யூடியூப் தரும் ஸ்ட்ரீம் கீ என்ற ரகசியச் சாவியை அதில் ஒட்ட வேண்டும். அந்தச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் அந்தச் சேனலில் எதையும் ஒளிபரப்பலாம். அதனால்தான் அதை யாருக்கும் காட்டாதீர்கள் என்று எச்சரிக்கிறார்கள். ‘ஓபிஎஸ்ஸில் நேரலை செய்வது எப்படி?’ என்ற வீடியோவில் சேனல்காரர் அதைப் பெரிதாக்கிக் காட்டுவார்.

அழகுமலை ஜல்லிக்கட்டை வாடிவாசலுக்குப் பக்கத்திலிருந்து நேரலையில் காட்டுவது என்று முடிவாகும். தெளிவான படம் போய்ச்சேர நொடிக்கு 3 மெகாபிட்டாவது மேலே ஏற வேண்டும். விடியற்காலையில் ஆளில்லாத மைதானத்தில் சோதித்தபோது தாராளமாக ஏறும். ஒன்பது மணிக்கு ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே கோபுரத்தின் கீழ் செல்போனை உயர்த்தியதும் படம் கட்டம் கட்டமாகி, காளைக்கும் மாடுபிடி வீரருக்கும் பேதமற்ற நிலை உண்டாகும். இது போதாதென்று, நேரலை நிகழ்வுக்குப் பல நொடிகள் பின்னால்தான் ஓடும். பக்கத்தில் நிற்பவர் எதிரே நடப்பதை விட்டுவிட்டுச் சேனல்காரரின் நேரலையைத் தன் போனில் பார்த்து, காளை திடலைத் தாண்டிப் போன பிறகு ‘புடி! புடி!’ என்று கத்துவார்.

ஆனாலும் வருமானம் கல்யாண நேரலையில்தான். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் சொந்தங்களுக்காக மண்டபத்துக்காரரே இவர் எண்ணைக் கொடுக்கிறார். இங்கேதான் யூடியூப்பின் கன்டென்ட் ஐடி குறுக்கிடுகிறது. 2007இல் கொண்டுவரப்பட்ட இந்த ஏற்பாடு, ஒலிபரப்பில் யாருடைய பாட்டு ஓடினாலும் மோப்பம் பிடித்துவிடும். நேரலை என்றால் படத்தை மறைத்து அறிவிப்பு அட்டையை நிறுத்தவும் செய்யும். மண்டபத்து ஸ்பீக்கரில் புதுப்படப் பாட்டு போடுவது மாப்பிள்ளையின் நண்பர்களுடைய பிறப்புரிமை. ஆக, முகூர்த்தம் நெருங்கும் நேரத்தில் துபாய்ச் சித்தப்பா கண்டது காப்புரிமை அறிவிப்பு. ‘தாலி கட்டியாச்சா இல்லையா, அதயாவது சொல்லுப்பா’ என்று அவர் போட்ட கமெண்டுக்குச் சேனல்காரர் இதயக்குறி இட்டார்.

அடுத்தது மார்க்கெட்டிங். இதில் அவருக்கு இரண்டு வகை வாடிக்கையாளர். முதல் வகை, திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் காதர்பேட்டையின் மொத்த வியாபாரி. ‘டீ-ஷர்ட் வெறும் 60 ரூபாய், எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’ என்று இவர் கூவுவார். எக்ஸ்போர்ட்டே ஆகாத சரக்கு சர்ப்ளஸ் ஆவது எப்படி என்று கேட்பவர் அந்தத் தெருவில் கிடையாது. 60 ரூபாய் என்பது வாசலில் தொங்கும் குழந்தை சைஸுக்கு. வீடியோ பரவினால் தென்காசியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் ஆள் வருவார்கள். வராதவர்கள் ‘ஒரு பீஸ் கிடைக்குமா?’ என்று கேட்பார்கள். ‘விலை?’ என்ற கமெண்டுக்கு ‘இன்பாக்ஸ் பாருங்க’ என்று பதில் போகும். இன்பாக்ஸில் ‘வீடியோ பாருங்க’ என்று இருக்கும்.

இரண்டாம் வகை, உள்ளூர்க் கம்பெனி முதலாளி. இவருக்கு வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக், கூகுள் மேப்பில் கடை, பேஸ்புக்கில் காசு கட்டிய விளம்பரம் மூன்றும் ஒரே பாக்கேஜில் செய்து தரப்படும். விளம்பரத்தை எந்த ஊரில், எந்த வயதில், எதில் நாட்டமுள்ளவருக்குக் காட்டலாம் என்று பேஸ்புக் கேட்கும். அதுவே இந்தத் தொழிலின் நுட்பம் முழுதும். மும்பையிலுள்ள கடைக்காரர்களுக்குக் காட்ட வேண்டியதை, முதலாளி தம் மச்சான்கள் பார்க்க வேண்டும் என்று பொங்கலூரைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்கு வைக்கச் சொல்வார். ஜட்டி விளம்பரத்தில் முதலாளியின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இடம்பெறும். மச்சான்கள் எல்லாரும் லைக் போடுவார்கள். ஆர்டர் எதுவும் வராது. முதலாளிக்குப் பரம திருப்தி.

ஓசியில் வரும் மிக்ஸி, குக்கர், பட்டுச்சேலைக்கும் சட்டம் உண்டு. காசோ பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் 2021இல் நெறிமுறை வெளியிட்டது. 2022 ஜூலை முதல், ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் இப்படிப் பொருளாகக் கொடுத்தால் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்றும் ஆனது. சேனல்காரர் இவ்வளவு உயரத்துக்கு இன்னும் போகவில்லை. அவருக்கு இதுவரை வந்தது அரை டஜன் பனியன். அதிலும் இரண்டு செகண்ட்ஸ்.

இனி வருமானம். விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சப்ஸ்கிரைபரும், ஓராண்டுக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வை. மணிக்கணக்கை நிரப்ப வீட்டில் இருக்கும் எல்லாப் போன்களிலும் இரவு முழுக்க வெங்காய வீடியோ ஓடும். சேனலை யூடியூப் ஏற்று, கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் ஆறு இலக்க எண்ணைக் கூகுள் காகிதத் தபாலில் அனுப்புகிறது. உலகத்தையே மேப் போட்டு வைத்திருக்கும் கம்பெனி பொங்கலூர்த் தபால்காரரை நம்பியிருப்பது இந்த ஒரு கட்டத்தில்தான். நாலு மாதத்துக்குள் எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். ஆறு மாதமாகத் தபால் ஆபீசுக்கு நடந்திராத பையன் தினமும் பதினொரு மணிக்கு அங்கே நிற்பதைப் பார்த்து, அரசாங்க வேலைக்கு ஆர்டர் வரப்போகிறது என்று தெருவில் பேச்சாகிவிடும்.

அடுத்து அமெரிக்க வரிப் படிவம். 2021 முதல் எல்லாச் சேனல்காரர்களும் இதை நிரப்ப வேண்டும். விட்டால் மொத்த வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடிப்பார்கள். உள்ளூர் வரியைப் பற்றி ஒன்றும் அறியாதவர், அமெரிக்காவுடனான வரி ஒப்பந்தத்தில் இந்தியருக்கு 15 சதவீதம் என்ற நுணுக்கத்தை ஆடிட்டருக்கே விளக்குவார். 100 டாலர் சேர்ந்த பிறகே பணம் வரும், அதுவும் மாதம் 21 முதல் 26ஆம் தேதிக்குள். சனிக்கிழமை சாயங்காலம் எண்ணிக் கையில் கொடுக்கிற சம்பளத்துக்குப் பழகிய வீட்டில் இது எடுபடாது.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் இது ஜாப் ஒர்க்தான். நூல் ஒருவருடையது, நிட்டிங் ஒருவரிடம், டையிங் இன்னொருவரிடம், லேபிள் வெளிநாட்டுக்காரருடையது என்பது போல, சேனல்காரரும் வெட்டி, ஒட்டி, செக் பண்ணி, பேக் பண்ணிக் கலிபோர்னியாவுக்கு அனுப்புகிறார். நீள வீடியோ விளம்பரத்தில் 55 சதவீதம், ஷார்ட்ஸில் 45 என்று பீஸ் ரேட்டை அங்கே முடிவு செய்கிறார்கள். சரக்கு தேறினால் பச்சை டாலர் குறி, தேறாவிட்டால் மஞ்சள். ஏன் மஞ்சள் என்று கேட்டால் பொதுவாக ஒரு பதில் வரும். 90 நாளுக்குள் மூன்று காப்புரிமை எச்சரிக்கை சேர்ந்தால் சேனலே போய்விடும். அப்பா இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்ன ஒரே கருத்து: ‘அதுக்கு நம்ம கம்பெனிக்கே போலாமல்லோ. கேண்டீன்ல டீயாச்சும் குடுப்பாங்க.’

பெரும்பாலான சேனல்கள் ‘பாகம் 2 விரைவில்’ என்ற அறிவிப்போடு நிற்கின்றன. ஆறு மாதம் எதுவும் போடாவிட்டால் யூடியூப் விளம்பரப் பங்கை நிறுத்தலாம், ஆனால் வீடியோக்களை எடுத்துவிடுவதில்லை. இரண்டாண்டு தொடாத கணக்குகளை அழிப்பதாக 2023இல் அறிவித்த கூகுள்கூட, யூடியூப் வீடியோ உள்ள கணக்குகளை விட்டுவைத்தது. எனவே 60 ரூபாய் டீ-ஷர்ட் இணையத்தில் இன்னமும் 60 ரூபாய்க்கே கிடைக்கிறது. கீழே சேனல்காரரின் நம்பரும் இருக்கிறது. கல்யாணம் முடிந்து, மாமனார் போட்டுக் கொடுத்த காதர்பேட்டைக் கடையில் உட்கார்ந்திருக்கும் அவருக்கு வாரம் இரண்டு போனாவது வரும். ‘அண்ணா, அந்த டீ-ஷர்ட் இருக்குதுங்களா?’ என்பார்கள். ‘இருக்குதுங், ஆனா மினிமம் 50 பீஸுங்’ என்று சொல்லிவிட்டு, வாசலில் செல்போனும் ஸ்டாண்டுமாகத் தயங்கி நிற்கும் ஒரு பையனைப் பார்த்து, ‘தம்பி, சேனலா? எவ்வளவு சப்ஸ்கிரைபர் வெச்சிருக்கற?’ என்பார்.