பன்னிரண்டு மீட்டர் தேனிலவு

நெய்வேலி டவுன்ஷிப்பில் இப்போதெல்லாம் கல்யாணம் முடிந்த கையோடு அந்தமான்தான். ஹேவ்லாக் (2018 முதல் ஸ்வராஜ் தீவு) போய், ரப்பர் உடுப்புக்குள் மாப்பிள்ளையை இரண்டு பேர் திணிக்க, ஸ்கூபா முக்குளிப்பு. முதல்முறை இறங்குகிறவர்களுக்கு 12 மீட்டர்தான் எல்லை. மாமனாரோ சர்வீஸ் முழுக்க 50 மீட்டருக்கும் கீழே, சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்தவர். ஒருத்தரும் போட்டோ எடுக்கவில்லை. அங்கேயும் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர்தான். இரவுபகலாக இறைக்காவிட்டால் சுரங்கமே முக்குளித்துவிடும்.

கடற்பசு பார்க்கப் போனவர்கள் கோமாளி மீனைப் பார்த்துத் திரும்பினார்கள். பாக் விரிகுடாவிலேயே 2022இல் கடற்பசுக் காப்பகம் அறிவித்தாயிற்று. பஸ்ஸில் போகிற இடம் தேனிலவுக்கு ஆகுமா? குவார்ட்டர்ஸ் மதிலில் மயில் வந்து உட்கார்ந்தால், "ஏங்க, அதை விரட்டுங்க, வடாம் காயுது" என்கிறாள் புதுப்பெண்.