கரடிக்குக் காட்ட ஒரு கத்தி

நடுவயது ஆணுக்குக் காடு என்றதும் முதலில் ஞாபகம் வருவது கத்தி. தண்ணீர் பாட்டில், மழைச்சட்டை, ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் மனைவிக்குத்தான் ஞாபகம் வரும். நண்பர்கள் சேர்ந்து கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் கூடாரம் போட்டுத் தங்குவதென்று முடிவானதும், நானும் குல வழக்கப்படி ஒரு கத்தி வாங்கத் தீர்மானித்தேன். பேனாக்கத்தி போல மடங்கக் கூடாது. உறையில் செருகி இடுப்பில் தொங்கவேண்டும். ஆங்கிலத்தில் ‘சர்வைவல் நைஃப்’ என்பார்கள்.

“எதுக்குங்க?” என்றாள் மனைவி.

“காட்டுல உயிர் பிழைக்கணும்னா...”

“வெங்காயம் நறுக்கினாலே விரல்ல பிளாஸ்திரி ஒட்டிக்கிற ஆளு நீங்க. கத்தி இல்லாம போனாத்தான் முழுசாத் திரும்பி வருவீங்க.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்பதற்காக எந்த ஆணும் எதையும் வாங்காமல் இருந்ததாகச் சரித்திரமும் இல்லை.

இந்த வியாதியின் மூலம் எது என்று எனக்குத் தெரியும். 1982-இல் வந்த ‘ஃபர்ஸ்ட் பிளட்’ படம். அதில் சில்வஸ்டர் ஸ்டலோன் ராம்போவாக வந்து, ஒரு மாவட்டப் போலீசையே ஒற்றை ஆளாக ஓட ஓட விரட்டுவார். அவர் கையிலிருந்த கத்தியைச் செய்தவர் அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்துக் கத்திக் கலைஞர் ஜிம்மி லைல். முதுகில் ரம்பப் பற்கள், உள்ளே குடைந்த கைப்பிடி, திருகித் திறக்கும் மூடி, மூடியில் திசைகாட்டி, குடைவுக்குள் ஊசியும் நூலும் தீக்குச்சியும். அந்தக் கத்தியின் நகல்கள் உலகம் முழுக்கப் பரவி, எங்கள் ஊர்ப் பொருட்காட்சிக்கும் வந்து சேர்ந்தன. பள்ளிக்கூட வயதில் நான் வாங்கியதில் திசைகாட்டியை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது டெல்லி அப்பளக் கடையையே காட்டியது. வீட்டுக்கு வந்து வேப்பமரத்தில் ஓங்கிக் குத்தினேன். அலகு மரத்தில் நின்றது, கைப்பிடி என் கையில் நின்றது.

லைல் செய்த அசலின் சங்கதி வேறு. நகல்களில் அலகையும் குடைந்த கைப்பிடியையும் சேர்த்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஒரு மரையாணிதான். கைப்பிடிக்குள் நூல்கண்டுக்கு இடம் விட்டதில் இரும்புக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. அதனால்தான் இன்று விவரம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது ‘ஃபுல் டேங்’ உண்டா என்று. அலகும் கைப்பிடிக்குள் போகிற இரும்பும் ஒரே துண்டாக, கைப்பிடியின் அகலத்துக்கே கடைசிவரை ஓடவேண்டும். இரண்டு பக்கமும் கட்டையை வைத்து ஆணி அடித்திருப்பார்கள். ஓங்கி அடித்தாலும் கையோடு கழன்று வராது.

ரம்பப் பல்லுக்கும் ஒரு நியாயம் உண்டு, ஆனால் அது நமக்குப் பொருந்தாத நியாயம். அமெரிக்க விமானிகளுக்குக் கொடுத்த கத்தியில் அதை வைத்தார்கள். விழுந்த விமானத்தின் அலுமினியத் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதற்காக. நான் மலைக்குப் போவது பேருந்தில். அதில் ‘அவசர வழி’ என்று சிவப்பு எழுத்தில் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது இரும்பு. கத்தி வாங்குவதில் மனிதன் பைத்தியமாகிற கட்டம் இதுதான். 1095, டி2, 12சி27, விஜி10, 440சி என்று ஒவ்வொரு எஃகுக்கும் டவுன் பஸ் ரூட் நம்பர் மாதிரி ஒரு பெயர். கடைக்காரர் ‘12சி27’ என்றபோது எந்த டிப்போ என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது. விஷயம் எளிது. 1095 என்றால் கரி சுமார் 0.95 சதவீதம் கலந்த எஃகு. தீட்டுவது சுலபம், கூர் நன்றாக நிற்கும், ஆனால் எலுமிச்சம்பழம் நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் காலையில் முகம் கறுத்திருக்கும், மழைக்காலமானால் துருவும் ஏறிவிடும். குரோமியம் பத்தரை சதவீதத்துக்கு மேல் போனால் அது ஸ்டெயின்லெஸ், சட்டென்று துருப்பிடிக்காது. கடினத்தை ராக்வெல் என்ற கணக்கில் அளக்கிறார்கள். இந்த மாதிரிக் கத்திக்கு 56-இலிருந்து 60-க்குள் இருந்தால் நல்லது. அதற்கு ரொம்பக் கீழே போனால் வாய் மழுங்கும், ரொம்ப மேலே போனால் வாய் பெயரும்.

‘டமாஸ்கஸ்’ என்று அலை அலையாகக் கோலம் போட்ட கத்தியை மூன்று மடங்கு விலைக்கு நீட்டினார் கடைக்காரர். பழைய டமாஸ்கஸ் வாள்களின் பேருக்குப் பின்னால் இருந்தது தென்னிந்தியாவிலிருந்து மேற்கே போன மூசை எஃகு. இப்போது விற்பது இரண்டு வகை எஃகை அடுக்கி, காய்ச்சி, அடித்து, அமிலத்தில் நனைத்து எடுத்த கோலம். அழகுதான். அழகுக்காக வாங்குகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். எனக்கு நம் தாத்தன் சரக்கின் பெயரை நமக்கே விற்கிறார்களே என்றிருந்தது. வெளியே வந்துவிட்டேன்.

மதுரையிலிருந்து மானாமதுரை போகிற வழியில் இருக்கிறது திருப்பாச்சேத்தி. அரிவாளுக்குப் பேர்போன ஊர். ராம்போ கத்தியின் படத்தை அச்செடுத்துக்கொண்டு அங்கே ஒரு பட்டறையில் போய் நின்றேன். ஆசாரி எழுபதைத் தாண்டியவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது என்ன தம்பி, முதுகுல பல்லு?”

“மரம் அறுக்கிறதுக்குங்க.”

“அறுக்கிறதுக்கு ரம்பம் இருக்குல்ல?”

“ஒரே ஆயுதத்துல எல்லாம் இருந்தா...”

“சரி, நீங்க எதை வெட்டப் போறீக?”

யோசித்துப் பார்த்தேன். இத்தனை நாள் இரும்பு, பிடி, உறை, நீளம் என்று அலசியவனுக்கு இந்தக் கேள்வி மட்டும் எதிர்ப்படவே இல்லை. “எது வந்தாலும்” என்றேன்.

அவர் மகனைப் பார்த்துச் சிரித்தார். பட்டறைச் சுவரில் பாளை சீவ ஒன்று, கதிர் அறுக்க ஒன்று, கருவேலம் வெட்ட ஒன்று, தேங்காய்க்கு ஒன்று என்று தினுசு தினுசாக மாட்டியிருந்தது. ‘எது வந்தாலும்’ என்ற தலைப்பில் மட்டும் ஒன்றுமில்லை.

“கையைக் காட்டுங்க” என்று என் உள்ளங்கையை விரித்து அகலத்தை விரலால் அளந்தார். “இம்புட்டு நீளம், கூட ஒரு விரல்கடை. போதும். இதுக்கு மேல இருந்தா உங்க கைக்கு அடங்காது. வெட்டுற வேலைன்னா அதுக்கு அருவா இருக்கு.”

கனடாவில் மோர்ஸ் கொச்சான்ஸ்கி என்று ஒருவர் இருந்தார். காட்டு வாழ்க்கைப் பயிற்சியில் பெரிய வாத்தியார், 2019-இல் காலமானார். கத்தி அலகு உள்ளங்கை அகலம், அல்லது அதற்குச் சற்றுக் கூடுதல் என்பதுதான் அவர் எழுதிவைத்த அளவும். சுவீடன் விமானப்படை 1995-இலிருந்து விமானிகளுக்குக் கொடுத்துவரும் ஃபால்க்நிவன் எஃப்1 கத்தியின் அலகு பத்து சென்டிமீட்டர்கூட இல்லை. ‘நெஸ்மக்’ என்ற புனைபெயரில் எழுதிய அமெரிக்கக் காட்டுப்பயணி ஒருவர், கடைகளில் விற்ற தடித்தடியான வேட்டைக் கத்திகளை 1884-லேயே கிண்டல் அடித்து, பார்க்கத்தான் கொலைகாரத்தனம், வேலைக்கு உதவாது என்று எழுதியிருக்கிறார். நூற்று நாற்பது வருஷமாகச் சொல்லியும் கேட்காத ஜாதி நாங்கள்.

ஆசாரி எடுத்தது பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டு. அமெரிக்காவில் இதே வகை ஸ்பிரிங் எஃகுக்கு 5160 என்று எண் கொடுத்து, கைவேலைக் கத்தி என்று நல்ல விலைக்கு விற்கிறார்கள். இங்கே அது மூலையில் கிடந்தது, மேலே ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. கோழியை விரட்டினார். மகன் சம்மட்டி போட, தட்டித் தட்டி வடிவம் வந்தது. பிறகு நடந்ததுதான் நான் பார்த்ததிலேயே விசேஷம். பழுத்த இரும்பின் வாய்ப்பக்கத்தை மட்டும் பழைய என்ஜின் ஆயிலில் தோய்த்தார். முதுகில் சூடு மிச்சம் இருந்தது. உடைந்த சாணைக்கல் துண்டால் வாயை வெள்ளி தெரியத் தேய்த்துவிட்டுக் காத்திருந்தார். முதுகுச் சூடு இறங்கி வர, இரும்பில் நிறம் நகர ஆரம்பித்தது. முதலில் வெளிர்மஞ்சள், பின்னால் பழுப்பு, அதற்கும் பின்னால் ஊதா. வைக்கோல் நிறம் வாய்க்கு வந்து சேர்ந்த நொடியில் மறுபடி தோய்த்தார். வைக்கோல் நிறம் என்றால் ஏறக்குறைய 230 டிகிரி. ஊதா வாய்வரை வரவிட்டிருந்தால் வாய் மென்மையாகி, கூர் நிற்காத கத்தியாகத்தான் ஆகியிருக்கும்.

“ராக்வெல் எவ்வளவு வரும்?” என்று கேட்டேன்.

அரத்தை எடுத்து வாயில் ஒருமுறை ஓட்டினார். அரம் வழுக்கியது. “இம்புட்டு வரும்” என்றார்.

மலையில் கூடாரம் போட்ட சாயங்காலம், எங்கள் குழுவில் வங்கி மேலாளராக இருக்கும் நண்பர் தன் கத்தியை உருவினார். முதுகுக் கனம் மட்டும் கால் அங்குலம். விறகுக்கட்டையின் தலையில் கத்தியை வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் அடித்துப் பிளக்க ஆரம்பித்தார். இதற்கு ‘பேட்டனிங்’ என்று பெயராம். பனியும் மழையும் ஊறிய சுவீடனிலும் கனடாவிலும் இதற்குத் தேவை உண்டு. கட்டையின் வெளிப்பக்கம் ஈரம், பிளந்தால்தான் உள்ளே காய்ந்த பகுதி கிடைக்கும். அந்தக் கட்டையிலிருந்து பூப்பூவாகச் சீவி எடுத்து, ஃபெர்ரோ குச்சியைக் கத்தி முதுகால் சுரண்டிப் பொறி தட்டுவார்கள். 1903-இல் ஆஸ்திரியாவின் ஆவர் வான் வெல்ஸ்பாக் கண்டுபிடித்த உலோகக் கலவை அது. நனைந்தாலும் துடைத்துவிட்டுச் சுரண்டினால் பொறி பறக்கும். பறந்தது. நண்பரின் புருவத்தை நோக்கி.

தோட்டத்துக் காவல்காரர் பளியர் இனத்துப் பெரியவர். இதையெல்லாம் கொஞ்ச நேரம் மரியாதையாக நின்று பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கையாலேயே ஒடித்த சுள்ளி ஒரு கை அணைப்புக் கொண்டுவந்து போட்டு, மடியிலிருந்து இரண்டு ரூபாய்த் தீப்பெட்டியை எடுத்தார். ஒரே குச்சி. அவர் இடுப்பிலும் வெட்டுக்கத்தி இருந்தது. வழியில் முள்ளை ஒதுக்கியதும், மூங்கிலைச் சீவி எங்களுக்குக் காப்பி குடிக்கக் குவளை செய்து கொடுத்ததும் அதுதான். ராக்வெல்லைப் பற்றி அவர் எதுவும் விசாரிக்கவில்லை.

ராத்திரிச் சமையலில் கால் அங்குலக் கத்தியின் யோக்கியதை தெரிந்துவிட்டது. அதனால் தக்காளியை நறுக்க முடியாது. நசுக்க முடியும். குழம்புக்குக் காய் முழுவதையும் நறுக்கியது என் லாரிப் பட்டைதான். கூடாரக் கயிறு, ரொட்டி, மிக்சர் பொட்டலம், ஊறுகாய் டப்பாவின் உள்மூடி, இவ்வளவுதான் காட்டில் அது சந்தித்த எதிரிகள். கரடி வரவில்லை. வந்திருந்தாலும் கத்தியைக் காட்டும் தூரத்துக்கு அதை வரவிடுவது புத்திசாலித்தனம் ஆகாது. யானைக்கு முன்னால் எல்லா எஃகும் ஒன்று. எங்கள் ரத்தத்தை உண்மையிலேயே பார்த்தது அட்டை மட்டும்தான். அதற்கு உப்பும் புகையிலையும் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். பாம்பு கடித்தால் கடிவாயைக் கத்தியால் கீறி ரத்தத்தை உறிஞ்சித் துப்புவது சினிமாவோடு நிற்கட்டும். கீறினால் காயமும் ரத்தப்போக்கும்தான் மிச்சம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்து இருக்கிறது.

வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். உள்ளங்கை அகல நீளம், இரண்டரை மூன்று மில்லிமீட்டர் கனம், வழுக்காத பிடி, கத்தியின் வாய் கிழித்துக்கொண்டு வெளியே வராத உறை. பராமரிக்கச் சோம்பல் என்றால் ஸ்டெயின்லெஸ். சுவீடனின் மோரா ஊரில் செய்கிற சாதாரணக் கத்தியே இதற்கெல்லாம் காணும். ரம்பம், திசைகாட்டி, விசில் வேண்டுமானால் ரம்பம், திசைகாட்டி, விசில் என்று தனித்தனியாக வாங்குங்கள். ஊருக்குப் பக்கத்தில் நல்ல பட்டறை இருந்தால் கடைக்கே போகவேண்டாம்.

அலகு ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்து, வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ ஆனதாக இல்லாவிட்டால், ஆயுதச் சட்ட விதிகளின் பட்டியலுக்குள் போய்விடும். சரணாலயம் என்றால் அளவே கிடையாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘ஆயுதம்’ என்பதில் கத்தியையும் சேர்த்துத்தான் சொல்கிறது, எழுத்துமூல அனுமதி இல்லாமல் அதை உள்ளே கொண்டுபோகக் கூடாது. கொடைக்கானல் மலைக்காட்டில் பெரும்பகுதி 2013-இலிருந்து சரணாலயம். அங்கே போகிறவர்கள் கத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பிஸ்கட் பொட்டலத்தைப் பல்லால் கிழித்துக்கொள்ளலாம். பல் அந்தப் பட்டியலில் இல்லை.