புலத்தெரிவு மகாத்மியம்: கேளாமல் வரும் ஐடியைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

மலையகத்தைப் பற்றி ஆய்வேடு எழுதப்புகுவோர், தாம் எடுத்துக்கொண்ட விஷயம் லயத்துக்குப் பின்னாலுள்ள ஆட்டுக் கொட்டிலேயாயினும், கோப்பிக் காலத்திலிருந்து தொடங்கி, 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட கதையைக் கூறி, 1869 இல் தலைகாட்டிக் கோப்பியை அழித்த இலைநோயை உருக்கமாக வர்ணித்து, அதன் பின்னரே ஆட்டுக்கு வருவது நம் பல்கலைக்கழகங்களில் வழிவழி வந்த சம்பிரதாயம். அடியேனும் அதற்குப் பங்கம் நேராவண்ணம் இவ்விரண்டு ஆண்டுகளையும் குறித்துவிட்டேன். அவற்றுக்கும் இக்கட்டுரைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

இக்கட்டுரையின் விஷயமாவது: ஆவணத் தரவுத்தளம் ஒன்றைச் செய்நிரலின் வழியே வினவுங்கால், ஆவணம் முழுவதையும் வாரிக்கொண்டு வராமல், வேண்டிய புலங்களை மாத்திரம் கேட்டுப் பெறுவது எங்ஙனம் என்பது. சிங்கராஜ வனத்தின் பக்கமிருந்து மழை ஓயாமல் இறங்கிக்கொண்டிருக்கும் கலவானைப் பிரதேசத்தில், கொழுந்து நிறுக்கும் மடுவம் ஒன்றுக்குச் செயலி எழுதிக் கொடுக்க நேர்ந்த காலத்தில், இவ்விஷயம் என்னை வந்து பற்றிக்கொண்டது. பற்றியது அட்டையைப் போலப் பற்றியதால், உப்பு வைத்தாலொழிய விடாது என்று தெரிந்து எழுதத் துணிந்தேன்.

முதற்கண் பெயராராய்ச்சி. இச்செயலுக்கு ஆங்கிலத்தார் இட்ட பெயர் புரொஜெக்ஷன். ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் கொட் என்னும் அறிஞர் 1970 இல் வெளியிட்ட கட்டுரையில், அட்டவணையிலுள்ள சில நிரல்களை மாத்திரம் எடுத்துக்கொண்டு, ஒன்றுபோல் வருபவற்றைக் கழித்துவிடும் காரியத்துக்கு இப்பெயரை வழங்கினார். இதனைத் தமிழில் வீழல் என்பதா, எறியம் என்பதா என்று வாதிடும் இரு கட்சியாரையும் யான் அறிவேன். இரு கட்சியிலும் ஒரு வினவலையேனும் எழுதி ஓட்டிப் பார்த்தவரை அறியேன். ஃபீல்டைக் குறிக்கும் புலம் என்னும் சொல்லோ நம் பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டது; ஆகவே யான் இதனைப் புலத்தெரிவு என்றே வழங்குவேன். புலமாவது வயல், புலமாவது திசை, புலமாவது அறிவு. தோட்டத்திலே இதே ஃபீல்டுக்கு மலை என்று பெயர். கலவானை போன்ற தாழ்நிலத்துத் தோட்டத்தில், மேடு ஓர் ஆள் உயரமே இருந்தாலும், அதற்கு ஒரு நம்பர் இட்டுவிட்டால் அது மலையாகிவிடும். விடியற்காலையில் பிரட்டுக் களத்திலே கணக்கப்பிள்ளை நின்றுகொண்டு, "அஞ்சாம் நம்பர் மலைக்குக் கொழுந்துக்கு இருவது பேரு, ஏழாம் நம்பர் மலைக்குக் கவ்வாத்துக்கு ஆறு பேரு" என்று ஆட்களைப் பிரித்து அனுப்புகிறாரே, உலகில் முதன்முதல் நடந்த புலத்தெரிவு அதுவே என்பது என் துணிபு. கொட் அவர்கள் கலவானைக்கு வந்திருந்தால் அடிக்குறிப்பிலாவது ஒத்துக்கொண்டிருப்பார்.

இனி வகைகள். மொங்கோடிபி என்னும் தரவுத்தளத்தை உதாரணமாகக் கொள்வோம். 2009 இல் வெளிவந்த இதன் பெயர், மிகப் பெரியது என்று பொருள்படும் ஆங்கிலக் கொச்சைச் சொல் ஒன்றின் நடுவிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. ஆகவே பெயரே ஒரு புலத்தெரிவு. வேண்டிய புலத்துக்கு எதிரே ஒன்று என்று இடுவது சேர்த்தல் வகை. வேண்டாத புலத்துக்கு எதிரே சூனியம் இடுவது நீக்கல் வகை. இரண்டையும் ஒரே வினவலில் கலத்தலாகாது. கலவானை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரேயுள்ள கடையில் போய், "முதலாளி, ஒரு டீ, பால் வேணாம், சீனி வேணாம், கித்துள் கருப்பட்டி ஒரு துண்டு தாங்க" என்றால், முதலாளி தலையைக்கூட நிமிர்த்தாமல் பிளேன்டீயையும் கருப்பட்டியையும் நீட்டுவார். மொங்கோடிபியோ, "வேண்டியதைச் சொல், அல்லது வேண்டாததைச் சொல்; இரண்டையும் சொல்லாதே" என்ற கருத்துப்பட ஒரு பிழைச் செய்தியைக் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடும். அத்தனை பெரிய கொம்பனி செய்த யந்திரத்துக்கு இல்லாத விவேகம், விறகடுப்பின் முன் நிற்கும் மனிதருக்கு எங்கிருந்து வந்தது என்பது வேறோர் ஆராய்ச்சிக்குரியது.

ஆவணத்துக்குள் ஆவணமாயிருப்பவற்றைப் புள்ளி வைத்துக் கேட்கலாம். முகவரியையும், அம்முகவரிக்குள் இருக்கும் ஊரையும் ஒரே மூச்சில் கேட்பது 4.4 ஆம் பதிப்பு முதல் குற்றம். நீண்ட பட்டியலில் கடைசி ஏழு நிறுவைகளை மாத்திரம் வெட்டித் தரவும் வழியுண்டு. கூகிளாரின் ஃபயர்ஸ்டோர் என்னும் தரவுத்தளத்தில், கைபேசிக்குரிய நூலகத்தில் இவ்வசதியே இல்லை. சேவையகப் பக்கம் உண்டு, ஆனால் ஒரு புலத்தைக் கேட்டாலும் ஒன்பது புலத்தைக் கேட்டாலும் கட்டணம் ஆவணத்துக்கே, அதாவது கூடையில் என்ன இருந்தாலும் கணக்குக் கூடைக்கே.

இப்பொழுது ஆவணம் ஒவ்வொன்றுக்கும் அடையாளமாய் நிற்கும் ஐடி என்னும் புலத்துக்கு வருவோம். இது தலைக்கு முன்னே ஓர் அடிக்கோடு பூண்டிருப்பது. பெயரை மாத்திரம் கேள். பெயரும் வரும், ஐடியும் வரும். ஊரை மாத்திரம் கேள்; ஊரும் வரும், ஐடியும் வரும். ஐடியே வேண்டாம் என்று வெளிப்படையாகச் சூனியம் இட்டாலொழிய அது போகாது; ஒன்றுகளின் நடுவே ஒரு சூனியம் இருக்கலாமென்று மொங்கோடிபி இடங்கொடுப்பதும் இந்த ஒரு புலத்துக்காக மாத்திரமே. எழுதப்பட்ட பின்பு இதனை மாற்றவும் இயலாது. தானாகப் பிறந்த ஐடியாயின் 12 பைட் நீளமுடையது: முதல் நான்கு பைட், 1970 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து எண்ணப்பட்ட விநாடிகள், அடுத்த ஐந்து, குருட்டுப் போக்கில் எழுந்த எண், கடைசி மூன்று, ஏறிக்கொண்டே போகும் ஓர் எண்ணிக்கை. கொட் அவர்களின் கட்டுரை வெளிவந்ததும் 1970, ஐடியின் யுகம் தொடங்குவதும் 1970. இவ்விரண்டுக்கும் தொடர்பேதுமில்லையாதலால், இதன்மேல் ஒரு கலாநிதிப் பட்டம் தாராளமாகப் பெறலாம்.

ஐடி ஏன் கேளாமல் வருகிறது? இன்னும் எழுதப்படாத காரணத்தால் இன்றுவரை பிழையின்றி விளங்கும் 'ஐடி சிந்தாமணி' என்னும் நூல், இதனை ஆவணத்தின் ஆன்மா என்று கூறவிருக்கிறது. அந்நூலுக்கு, இன்னும் பிறவாத ஒருவர் இயற்றப்போகும் விரிவுரையின் ஒன்பதாம் சருக்கத்தில், அட்டை கடித்து இரத்தக் கறை படிந்திருக்கப்போகும் பக்கத்தில், ஆன்மா அன்று, அது வெறும் வாசற்காவலனே என்று மறுக்கப்படும். அம்மறுப்பை மறுத்து எழவிருக்கும் பேருரையிலோ, வெள்ளத்தில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளப்போகும் இரு தாள்களுக்கு நடுவே, அடிக்குறிப்பின் அடிக்குறிப்பில், "இதன் காரணம் மேலே காண்க" என்றிருக்கும். மேலே போய்ப் பார்த்தால் "கீழே காண்க" என்றிருக்கும். எழுதப்படாத நூல்களில் மாத்திரம் இவ்வாறிருக்கும் என்று வாசகர் நினைத்துவிடலாகாது.

தோட்டத்தில் பிறந்தவனுக்கு இதில் மயக்கமே இல்லை. செக்ரோல் என்னும் ஆட்பதிவேட்டிலே நம்பர் முன்னே, ஆள் பின்னே. நம்பரில்லாமல் கொழுந்து நிறுக்க முடியாது, நம்பரில்லாமல் சம்பளம் வாங்க முடியாது. தேசிய அடையாள அட்டையும் அப்படியே: 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்கத்துக்குள், பிறந்த ஆண்டும், அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதும் அடங்கிக் கிடக்கின்றன, பெண்ணாயின் அந்நாளோடு 500 கூட்டப்படும். வயதைச் சொல்ல விரும்பாத மாதரசியிடம், ஐடியை மாத்திரம் கொடுங்கள், வயது வேண்டாம் என்று கேட்கும் குமாஸ்தா எத்தகைய கபடதாரி என்பதைக் கவனிக்க.

என் சொந்த அவமானம் ஒன்றும் இங்கே பதிவுபெற வேண்டும். மடுவத்துச் செயலியின் முதற்பக்கத்துக்கு வேண்டியது பெயர்ப் பட்டியல் ஒன்றே. தரவுத்தளத்தின் ஷெல் என்னும் கட்டளைச் சாளரத்திலே, ஃபைண்ட் என்னும் கட்டளைக்கு இரண்டாவதாக, பெயர் ஒன்று என்று எழுதிப் பார்த்தேன், அழகாக வந்தது. பைத்தனிலும் அவ்வண்ணமே வரும்; அங்கே புலப்பெயர்களை வெறும் பட்டியலாகக் கொடுத்தாலும் போதும். அதே வரியை நோட் ஜேஎஸ் செய்நிரலில் எழுதிவிட்டு நிம்மதியாக உறங்கினேன். அங்கேயோ, அதன் இயக்கியின் மூன்றாம் பதிப்பு முதல், இரண்டாம் இடம் புலங்களுக்குரியதன்று, விருப்பத் தெரிவுகளுக்குரியது, புலங்களை அதற்குள்ளே புரொஜெக்ஷன் என்று தலைப்பிட்டு வைத்தால்தான் செல்லும். வெறுமனே வைத்தால் பிழையும் சொல்லாது, கேட்டதையும் செய்யாது, முழு ஆவணத்தையும் அள்ளிக் கொடுத்துவிட்டுப் பேசாமலிருக்கும். ஒவ்வோர் ஆவணத்திலும் ஆளின் புகைப்படத்தை வேறு திணித்து வைத்திருந்தேன். படம் ஒன்று 200 கிலோபைட் என்று கொண்டால், 300 பேருக்கு 60 மெகாபைட். 300 பெயர்களைப் படிப்பதற்கு! மழை நாளில் மடுவத்திலே கைபேசிச் சமிக்ஞை ஒற்றைக் கோடாக நின்றது. வரிசையில் நின்ற பெண்கள் கூடையை இறக்காமல் கால் மாற்றி நின்றார்கள். "தம்பி, ஒங்க போனு ஆளையே தூக்கிக்கிட்டு வருதா?" என்று ஒரு பெண்மணி கேட்டார். சாஸ்திரப்படி அது சரியான பரிசோதனை அறிக்கை. ஒரு சொல்லைச் சேர்த்தேன்; கூடைகள் நகர்ந்தன.

முழுவதையும் வாருவது மடமை என்றால், ஒன்றை மாத்திரம் கேட்பதே ஞானம் என்று முடிவு கட்டலாமோ? முற்காலத்தில் இங்கே துண்டு என்று ஒரு முறை இருந்தது. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இவன் கடன் இவ்வளவு, அதனைத் தீர்ப்பவர் இவனை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். மனிதனுக்கு ஊர் உண்டு, தாய் தகப்பன் உண்டு, தப்படிக்கத் தெரிந்த கை உண்டு. வினவப்பட்ட புலம் கடன் ஒன்றே. மிகச் சிக்கனமான புலத்தெரிவு. 1921 இல் அதனைச் சட்டம் போட்டே ஒழிக்க வேண்டியதாயிற்று.

செயலி திருந்திய பின்னர், பதியாமல் விடுபட்டிருந்த ஒரு மூதாட்டியின் ஆவணத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன்.

"பாட்டி, பேரச் சொல்லுங்க."

"எந்தப் பேரு, தம்பி? செக்ரோல்ல உள்ளதா, ஐடென்டியில உள்ளதா, வீட்டுல கூப்புடுறதா?"

"மூணும் வேற வேறயா?"

"செக்ரோல்ல கங்காணி எழுதுனது. ஐடென்டியில பெரிய ஒஃபிஸ்ல காதுல விழுந்தபடி எழுதுனது. வீட்டுல கூப்புடுறதுதான் எங்க ஆத்தா வச்சது." சற்று யோசித்துவிட்டு, "வேலப் பேரு கேக்குறீங்களா? இன்னைக்கு மழ, அரப் பேருதான்" என்றார்.

ஒரு நாட் கூலிக்கும் பேர் என்றே பெயர் வழங்கும் ஊரில், பெயர் என்னும் ஒரு புலத்தைப் படைத்து அதற்கு எதிரே ஒன்று என்று இட்டுவிட்டுப் பெருமிதம் கொண்டிருந்த என் ஆராய்ச்சி அவ்விடத்திலே சற்றுத் தடுமாறிற்று. எந்தப் புலத்தைக் கேட்பது என்பதைப் பற்றி இத்தனை பக்கம் எழுதியவன், எந்தப் புலங்கள் இருக்க வேண்டும் என்று ஒருவரையும் கேட்டிருக்கவில்லை.

இப்போது அம்மூதாட்டியின் ஆவணத்தில் பெயருக்கு மூன்று புலங்கள் உள்ளன. மடுவத்துப் பட்டியலில் அவருடைய தாய் இட்ட பெயர் வருகிறது. சம்பளச் சீட்டுக்கு ஒஃபிஸில் இன்னமும் நம்பரைத்தான் கேட்கிறார்கள்.