ஸ்போக்கன் சார்

ஊருக்கு ஒரு ஸ்போக்கன் சார் உண்டு. முன்பு மாடியறையில் பெஞ்சு போட்டு நடத்தினார். கொரோனா வந்தபோது பெஞ்சுகளை விற்று லேப்டாப் வாங்கினார். இப்போது காலை ஐந்தரைக்கு இங்கிலீஷ், மாலையில் இந்தி, இரவில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ். திரையில் அவருக்குப் பின்னால் லண்டன் பாலம் தெரியும். பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து "பழைய இரும்பு, ஈயம், பித்தளை" என்று குரல் கேட்கும்.

முதல் பாடம் 'மே ஐ'. "மே ஐ கம் இன்? மே ஐ டேக் யுவர் பென்? அடுத்தவங்க பொருளைத் தொடறதுக்கு முன்னாடி கேக்கணும். அதுதான் மேனர்ஸ்" என்பார். பிள்ளைகள் மியூட்டில் திருப்பிச் சொல்லும்.

அவர் மட்டும் யாரையும் எதுவும் கேட்டதில்லை.

சேர்க்கைக்கு ஒரு கூகுள் படிவம். பெயர், பிறந்த தேதி, பள்ளி, அப்பாவின் வேலை, அம்மாவின் நம்பர், ஆதார் நகல், ரத்த வகை. மகளைச் சேர்க்கும்போது கேட்டேன்: "ஆன்லைன் கிளாஸுக்கு பிளட் குரூப் எதுக்கு சார்?"

"ஒரு எமர்ஜென்சின்னா?" என்றார். பாஸ்ட் டென்ஸ் நடத்தும்போது ரத்தம் வருமா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவார். இருபத்தைந்து கட்டங்கள். ஒன்றில் மூக்கைக் குடையும் பையன், ஒன்றில் சின்ன வெங்காயம் உரிக்கும் பாட்டி, ஒன்றில் பனியனோடு கடந்துபோகும் என் முதுகு. கட்டத்துக்கு அடியில் பிள்ளையின் முழுப்பெயர், வகுப்பு. மறுநாள் அலுவலகத்தில் ஒருவர் பனியன் கிழிசலைப் பற்றி அக்கறையாக விசாரித்தார்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னார்கள். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 18 வயது முடியாத எல்லோரும் அதற்குக் குழந்தைதான்; மீசை முளைத்த பிளஸ் டூ பையனும் சேர்த்தி. அவர்களுடைய விவரத்தைத் தொடுமுன் பெற்றோரின் சம்மதம் வேண்டும். என்ன விவரம், எதற்கு என்பதை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கத் தர வேண்டும். மூன்று மொழி சொல்லிக்கொடுக்கும் சாரிடம் ஒரு மொழியிலும் அது இல்லை. குழந்தைகள் விஷயத்தில் தவறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். மாத பீஸ் 1,000 ரூபாய். இருபது லட்சம் பேரைச் சேர்த்தால் கட்டிவிடலாம்.

சொல்லிப் பார்த்தேன். "ரூல்ஸே 2025 நவம்பர்லதான் வந்துச்சு. முக்கியமானதுக்கெல்லாம் 18 மாசம் டைம் இருக்கு சார்" என்றார். தெரிந்துதான் வைத்திருக்கிறார். சட்டம் அவருக்கு எப்போதும் ஃபியூச்சர் டென்ஸ்.

ஐரோப்பாவில் அது பிரசண்ட் டென்ஸ். அங்கே 2018 மே மாதம் முதல் நடப்பிலுள்ள ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம், அங்கிருப்பவர்களுக்குப் பாடம் விற்கும் வெளிநாட்டு வாத்தியாரையும் விடாது. ஜெர்மனியிலிருந்து ஓர் அம்மா, மகனின் வகுப்புப் பதிவை அழிக்கச் சொன்னார். "டன் மேடம்" என்றார் சார். அழித்தது தன் போனில். டிரைவில், லிங்க் கிடைத்த யாரும் பார்க்கும்படி அது அப்படியே இருக்கிறது.

தன் பொருள் என்று வந்துவிட்டால் ஆளே வேறு. 99 ரூபாய்க்கு விற்கும் இலக்கண பிடிஎஃப்பில் பக்கத்துக்குப் பக்கம், 'நகலெடுப்பது சட்டப்படி குற்றம்'. புத்தகம் இன்னொருவர் எழுதியது. ஓரத்தில் நூலக முத்திரைகூட மறையவில்லை. பாடம் நடத்தும்போது நூலிலிருந்து எடுத்தாள ஆசிரியருக்கு 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. முழுநூலையும் ஸ்கேன் செய்து கடை விரிக்க அல்ல.

கெட்டவர் இல்லை. என் மகள் இப்போது தயங்காமல் இங்கிலீஷ் பேசுகிறாள். போன வாரம் சார் ஸ்கிரீன்ஷாட் எடுக்கப் போனபோது மைக்கைத் திறந்து, "சார், மே ஐ ஸ்விட்ச் ஆஃப் மை கேமரா?" என்றாள்.

"வெரி குட் சென்டென்ஸ்!" என்று மெச்சிவிட்டுப் படத்தை எடுத்துக்கொண்டார்.

உங்கள் பிள்ளையையும் தாராளமாகச் சேருங்கள். ஆதார் நகல் மட்டும் கொடுக்காதீர்கள். ரத்த வகைக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.